சங்கிலியும் செபமாலையும்

குற்றாலத்து அருவியில் தலை கொடுத்தால் கலங்கிய சித்தம் தெளியும் என்று சொல்லும் வழக்கம் நம் வட்டாரத்தில் நெடுங்காலமாக உண்டு. தென்காசியிலும் செங்கோட்டையிலும் பண்பொழியிலும் வாழும் நமக்கு அருவி அந்நியமானதன்று. உடலுக்கு இதம் தரும் அந்த நீரைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால், அருவிக்குப் பிறகு மந்திரவாதி, மந்திரவாதிக்குப் பிறகு செபவீடு, அதற்கும் பிறகு கட்டிப்போட ஒரு கயிறு என்று நம் குடும்பங்கள் ஒரு மனநோயாளியை இட்டுச்செல்லும் நெடும்பாதையில் மருத்துவ உளவியலாளர் என்பவர் கடைசி நிறுத்தத்தில்கூடக் காணப்படுவதில்லை. இதுவே என் குற்றச்சாட்டு. இதைப் பிற சமயத்தார் மீது நான் சுமத்தவில்லை. ஞாயிறுதோறும் திருப்பலியில் பங்கேற்று, மாலையில் செபமாலை சொல்லும் கத்தோலிக்க இல்லங்களை நோக்கியே சொல்கிறேன்.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் நமக்கு நினைவிருக்க வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், நோயாளிகளின் வருகையை நம்பித் தனியார் ஒருவர் நடத்திவந்த காப்பகத்தில் விடியற்காலை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். நாடே அதிர்ந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அரசு அத்தகைய காப்பகங்களை இழுத்து மூடியது. அந்த ஆகஸ்ட் 6, திருஅவையின் நாள்காட்டியில் ஆண்டவரின் உருமாற்ற விழா. மலையுச்சியில் அவருடைய முகம் ஒளிர்ந்ததை நாம் பீடத்தில் வாசித்துக் கொண்டிருந்த அதே காலைப்பொழுதில், 28 முகங்கள் கருகிக் கொண்டிருந்தன.

"அது அவர்கள் ஊர்க் கதை, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். தீப்பற்றியது தர்காவில் அன்று; தனியார் காப்பகத்தில். நோயாளியை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் எல்லாச் சமயத்தையும் சேர்ந்த குடும்பத்தார். நம் புளியம்பட்டி அந்தோனியார் திருத்தலத்திற்கும் மனம் நொந்தவர்களை அழைத்துவந்து நாள்கணக்கில் தங்கியிருப்போர் இல்லையா? அந்தோனியாரை நம்பி வருவது நன்று. அந்தோனியாரோடு மருத்துவரையும் நம்பாதது நன்றன்று.

மலையடிவாரத்தில் நடந்தது

உருமாற்றத்தின் மறுபக்கத்தை நாம் அதிகம் தியானிப்பதில்லை. ஆண்டவர் மலையிலிருந்து இறங்கி வருகிறார். அடிவாரத்தில் ஒரு தகப்பன் தன் மகனோடு நிற்கிறான். பிள்ளை அடிக்கடி நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிறான்; வாயில் நுரை தள்ளுகிறது; உடல் விறைத்துப் போகிறது. சீடர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. கூட்டம் கூடியிருக்கிறது, மறைநூல் அறிஞர்களோடு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது, பிள்ளையோ தரையில் கிடக்கிறான். நம் செபக்கூட்டங்கள் சிலவற்றின் படம் இதில் தெரியவில்லையா?

அங்கே ஆண்டவர் செய்த ஒரு செயலை மாற்கு மட்டும் குறித்து வைத்திருக்கிறார் (9:21). பிள்ளைக்கு இந்த நிலை எத்தனை காலமாக இருக்கிறது என்று அவர் தகப்பனிடம் விசாரிக்கிறார். சிறுவயது முதலே என்று தகப்பன் பதில் சொல்கிறான். அனைத்தும் அறிந்தவருக்கு இந்த விசாரணை எதற்கு? துன்புறும் தகப்பனுக்குப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே என்று நான் கருதுகிறேன். இன்று ஒரு மருத்துவ உளவியலாளர் தம் அறையில் முதன்முதலாகக் கேட்பதும் இதே வினாவைத்தான்.

இந்த வகை வேண்டுதலினால் அன்றி வெளியேறாது என்று அதே பகுதியின் முடிவில் ஆண்டவர் சொன்னதை எடுத்துக்காட்டி, "ஆகவே மருந்து வேண்டாம்" என முழங்குவோர் உண்டு. அவர்களுக்கு மறுமொழி எளிது. அந்த வாக்கு தோற்றுப்போன சீடர்களுக்குச் சொல்லப்பட்டது. வேண்டாமல் வாதம் செய்துகொண்டிருந்தவர்களுக்கு விழுந்த கண்டனம் அது. நோயாளியின் மருந்தைப் பிடுங்க அதில் அனுமதி எங்கே இருக்கிறது? மேலும், மத்தேயு 4:24 ஆண்டவரிடம் கொண்டுவரப்பட்டவர்களைப் பட்டியலிடும்போது, பேய் பிடித்தவர்களையும் வலிப்பு நோயினரையும் முடக்குவாதமுற்றோரையும் தனித்தனியே எண்ணுகிறது. முதல் நூற்றாண்டு நற்செய்தியாளருக்கே வேறு வேறாகத் தெரிந்ததை இருபத்தோராம் நூற்றாண்டில் நாம் ஒன்றாகக் குழப்பலாமா?

கெரசேனர் நாட்டில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனையும் எண்ணிப் பாருங்கள். அவனுக்கு விலங்கும் சங்கிலியும் பூட்டியவர்கள் ஊரார். ஆண்டவரோ அவனுடைய பெயரைக் கேட்டார். இறுதியில் அவன் ஆடை உடுத்தி, தெளிந்த அறிவோடு அமர்ந்திருந்தான். அவனைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், வீட்டாரிடமே திருப்பி அனுப்பினார். சங்கிலி எவருடையது, விடுதலை எவருடையது என்பதில் நற்செய்திக்கு ஐயமே இல்லை.

இவர் யார், செய்வது என்ன?

மனநல மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலாளர் வேறு. முன்னவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். பின்னவர் உளவியல் படித்தவர், மருந்து எழுதுவதில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை வரையறுத்துள்ளது. முதுகலைப் படிப்போடு, நோயாளிகளிடையே மேற்பார்வையில் பெற்ற பயிற்சி அடங்கிய ஈராண்டு முழுநேரப் படிப்பையும் அது கேட்கிறது. இத்தகைய பயிற்சி நம் நாட்டில் 1950களிலேயே பெங்களூரில், இன்று நிம்ஹான்ஸ் என்று வழங்கும் நிறுவனத்தின் முன்னோடியில் தொடங்கிவிட்டது. ஆக, இது நேற்று முளைத்த நாகரிகமன்று.

அவருடைய பணி இரண்டு கால்களில் நிற்கிறது: மதிப்பீடு ஒன்று, உளச்சிகிச்சை மற்றொன்று. முதலில் கேட்கிறார். பேறு எப்படி நடந்தது, குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோ வலிப்போ வந்ததா, உறக்கம் எப்படி, பசி எப்படி, வீட்டில் குடி உண்டா, கடன் உண்டா, அண்மையில் இறப்பு ஏதும் நேர்ந்ததா என்று ஒன்றுவிடாமல் விசாரிக்கிறார். பிறகு தேவைக்கேற்பச் சோதனைகள் தருகிறார். நினைவாற்றல், கவனம், அறிவுத்திறன், மனநிலை ஆகியவற்றை அளக்க ஆய்ந்து தரப்படுத்திய சோதனைகள் உண்டு. எந்த ஒரு சோதனையும் தனித்துத் தீர்ப்பு வழங்குவதில்லை. கேட்டது, கண்டது, அளந்தது மூன்றையும் ஒப்பிட்டே அவர் ஒரு முடிவுக்கு வருகிறார். உடல்நோய் காரணமாக இருக்கலாம் என்று தோன்றினால் மருத்துவரிடம் அனுப்புகிறார். தைராய்டு சுரப்பியின் குறைபாடுகூடச் சோர்வாகத் தோற்றம் தரும் அன்றோ?

பீடித்தட்டை மடியில் வைத்தபடி காரணமின்றி அழும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். உறங்குவதில்லை, உண்பதில்லை, பிள்ளைகளைக் கொஞ்சுவதில்லை. "செய்வினை" என்கிறாள் மாமியார். "விசுவாசக் குறைவு" என்கிறார் செபக்குழுத் தலைவர். "சோம்பல்" என்கிறார் கணவர். மூவரும் நோயைப் பெயரிட்டுவிட்டார்கள். மூவரில் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற சில நாள்களிலேயே காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்லும் இளந்தாயின் நிலை இன்னும் கொடியது. அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய அவசர நோய். அங்கே வேப்பிலை அடித்தாலும் திருநீர் தெளித்தாலும், கடந்துபோகும் ஒவ்வொரு மணி நேரமும் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

உளவியலாளர் நம் வழிபாட்டைப் பழிப்பவர் என்ற அச்சமும் ஆதாரமற்றது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு 2022 முதல் நடைமுறையில் உள்ளது. வேறோர் ஆவி தன்னை ஆள்வதாக உணரும் நிலையை அது பேசுகிறது. ஆனால் ஒரு பண்பாட்டிலோ சமயத்திலோ ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கமாக அது நிகழ்ந்தால் நோயாகக் கொள்ளக்கூடாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. கொடை விழாவில் சாமியாடுபவரை நோயாளி என்று அறிவியல் சொல்லவில்லை. அந்த அறிவியலுக்கு இருக்கும் நிதானம், வலிப்பு வந்த சிறுமியைப் பேய்பிடித்தவள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் போதகர்களுக்கு இல்லை.

பாவ அச்சமும் மனநோயும்

ஒப்புரவு அருட்சாதனத்தில் அமரும் எந்த அருள்பணியாளரும் இவ்வகை மனிதரை அறிவார். சொன்ன பாவத்தையே மீண்டும் சொல்வார். சரியாகச் சொன்னோமா என்று ஐயுறுவார். மன்னிப்புப் பெற்று வாசலைத் தாண்டுமுன் திரும்பி வருவார். நற்கருணை வாங்கத் தகுதி உண்டா என்று வரிசையில் நின்று நடுங்குவார். பக்தி மிகுந்தவர் என்று ஊர் அவரைப் புகழும். அவரோ நரகத்தில் வாழ்கிறார்.

புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இத்துன்பத்தால் உயிரையே விடத் துணியும் அளவுக்கு வாடினார். புனித அல்போன்சு லிகோரியாரும் இதை அனுபவித்தவர். ஒரே ஒப்புரவாளருக்குக் கீழ்ப்படி, சொன்னதைத் திரும்பச் சொல்லாதே என்பது பழைய ஆன்ம குருக்களின் அறிவுரை. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் வெளியிட்ட சிகிச்சை முறையும் ஏறத்தாழ இதே வழியில்தான் செல்கிறது. அஞ்சுவதை எதிர்கொள்ளச் செய்து, அச்சத்தைத் தணிப்பதற்காகச் செய்யும் சடங்கைத் தடுத்து, அச்சம் தானாகவே தணியும் என்பதை நோயாளி தாமே கண்டறியச் செய்வது அம்முறை. ஒவ்வொரு முறையும் புதிதாக மன்னிப்பு வழங்கிக்கொண்டே இருந்தால், ஒரு மணி நேரம் ஆறுதல் கிடைக்கும்; நோயோ கொழுக்கும். மன்னிப்பு வழங்குவது குருவின் பணி. மன்னிக்கப்பட்டதை நம்ப முடியாத மனத்திற்குப் பயிற்சி தருவது உளவியலாளரின் பணி. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் அந்த ஆன்மா பிழைக்கும்.

பிள்ளைகளின் மீது ஒட்டப்படும் எண்

நம் மறைமாவட்டங்கள் பள்ளிகளால் பெயர் பெற்றவை. அப்பள்ளிகளில் "மக்கு" என்ற சொல் இன்னும் சாகவில்லை. ஒரு பிள்ளை படிக்காததற்குக் காரணங்கள் பல. காது கேட்கவில்லையா? எழுத்துகளை இனம் காண்பதில் தனிப்பட்ட குறைபாடா? அறிவு வளர்ச்சிக் குறைவா? கவனம் நிலைக்காத இயல்பா? இரவில் குடித்துவிட்டு வரும் தந்தையைப் பற்றிய பயமா? பிரம்பு இவற்றைப் பிரித்தறியாது. முறையான மதிப்பீடு பிரித்தறியும்.

1905இல் பாரீசில் பினே முதல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியது, உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கவே. யாரையும் தாழ்த்த அன்று. நம் நாட்டில் காமத் அதைத் தழுவி அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் சோதிக்க ஏற்ற வகையில் பாட்டியா 1955இல் செயல்வழிச் சோதனைகளை வகுத்தார். நாகபுரியில் மாலின் 1969இல் இந்தியக் குழந்தைகளுக்கென ஒரு சோதனையை அமைத்தார். இந்த உழைப்பின் நோக்கம் ஒன்றே: பிள்ளையின் மொழியிலும் சூழலிலும் நின்று அவனை அளக்க வேண்டும். வீட்டில் நெல்லைத் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஆங்கிலச் சொற்களின் பொருள் கேட்டு எண் போட்டால், அளக்கப்பட்டது அறிவன்று, வறுமை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் மனநோயும் அவற்றுள் அடங்கும். தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் பெற உரிய சான்று வேண்டும். சான்றுக்கு மதிப்பீடு வேண்டும். "ஊர் என்ன சொல்லும்?" என்று அஞ்சிப் பெற்றோர் மதிப்பீட்டைத் தவிர்க்கும்போது, பிள்ளைக்குச் சட்டப்படி உரிய உதவியை அவர்களே மறுக்கிறார்கள்.

எதிர்வாதங்கள்

"உளவியல் நாத்திகர்களின் சரக்கு" என்பர். பிராய்டு சமயத்தை மாயை என்று எழுதியது உண்மையே. ஆனால் பிராய்டோடு உளவியல் முடிந்துவிட்டதா? அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1409இல், வலென்சியா நகரில் ஜொஃப்ரே என்ற துறவற குரு, தெருவில் சிறுவர்கள் ஒரு மனநோயாளியை அடிப்பதைக் கண்டு மனம் வெதும்பி மறையுரை நிகழ்த்தினார். அதிலிருந்து மனநோயாளிகளுக்கென ஒரு மருத்துவ இல்லம் எழுந்தது. கிரனாடாவில் பித்தர் என்று அடைக்கப்பட்டு அடிபட்ட புனித இறை யோவானே நோயாளர்களின் பாதுகாவலரானார். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இல் உளச்சிகிச்சை வல்லுநர்களைச் சந்தித்து உரையாற்றினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏட்டின் 62ஆம் எண், மேய்ப்புப் பணியில் உளவியலைப் பயன்படுத்துமாறு நம்மைப் பணிக்கிறது. இதில் நாத்திகம் எங்கே?

"செபம் போதும்" என்பர். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் போதிக்கிறதே, அந்நூல் நம் விவிலியத்தில் இருக்கிறதா இல்லையா? திருஅவைச் சட்டம் 1172, மறைமாவட்ட ஆயரின் தனிப்பட்ட அனுமதியின்றி எவரும் பேயோட்டக்கூடாது என்கிறது. கத்தோலிக்க மறைக்கல்வி (எண் 1673) பேயோட்டுமுன் அது நோயன்று என்பதை உறுதிசெய்யச் சொல்லி, மனநோயை மருத்துவத்தின் பொறுப்பில் விடுகிறது. அனுமதியில்லாமல், ஆராயாமல், கூட்டத்தின் நடுவில் "பேயோட்டும்" எவரும் திருஅவையின் பெயரால் அதைச் செய்யவில்லை என்பதைப் பொதுநிலையினர் அறிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனநோயின் காரணமாக மணம் செல்லாது என்று தொடுக்கப்படும் வழக்கில், வல்லுநரின் கருத்தைப் பெறுமாறு திருஅவைச் சட்டம் (1678) நீதிபதியைப் பணிக்கிறது. குருமாணவர்களின் தேர்வில் உளவியல் வல்லுநர்களைப் பயன்படுத்துவது பற்றி உரோமை 2008இல் வழிகாட்டுதல் தந்தது. குடும்பம் உடைந்தபின் வல்லுநர் அறிக்கை வேண்டும். குருத்துவத்திற்கு முன்னும் வல்லுநர் கருத்து உதவும். நடுவில் துன்புறும் சாதாரண மனிதனுக்கு மட்டும் எண்ணெய் போதுமா?

"செலவுக்கு எங்கே போவது?" என்ற வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். இது உண்மையான தடை. 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநோயாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று காட்டியது. வல்லுநர்கள் நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். பண்பொழியிலிருந்து நெல்லைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ஆயினும், தொலைவிலுள்ள செபவீட்டில் மாதக்கணக்கில் தங்கக் கம்மலை அடகு வைக்கும் குடும்பத்திற்கு, அரசு மருத்துவமனைக்குப் போகும் பேருந்துக் கட்டணமா பெரிது? 2022 முதல் 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அரசின் மனநல உதவி இரவும் பகலும் கிடைக்கிறது.

உளவியலாளர்களுக்கும் ஒரு சொல்

வாளின் மறுமுனையையும் காட்டாமல் முடித்தால் நான் நேர்மையற்றவனாவேன். மூன்று நாள் முகாமில் சான்றிதழ் பெற்று "ஆற்றுப்படுத்துநர்" என்று பலகை மாட்டுவோர் பெருகிவிட்டார்கள். அவர்களுள் குருக்களும் கன்னியரும் உண்டு. ஆறுதலாகக் கேட்பது எல்லாருக்கும் உரிய அன்புப்பணி. நோயைப் பெயரிட்டு அறிவிப்பது பயிற்சி பெற்றவரின் பணி. தகுதியும் பதிவும் உண்டா என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு.

தகுதி பெற்றவர்களிடமும் நாம் கேட்க வேண்டியது இருக்கிறது. ஏழைத் தாயின் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிக்கையைக் கொடுத்து, நடுவில் ஓர் எண்ணை மட்டும் விரலால் சுட்டி அனுப்பிவிடுவது மதிப்பீடு ஆகாது. அவளுடைய தமிழில், அவளுக்குப் புரிய, பிள்ளையிடம் என்ன வலிமை இருக்கிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்று சொன்னால்தான் வேலை முடிந்தது. பாவம் என்ற ஒன்றே இல்லை என்று நோயாளிக்குப் போதிக்கவும் அவருக்கு உரிமை இல்லை. நோயுற்ற குற்ற உணர்வைக் குணப்படுத்தட்டும். உண்மையான குற்ற உணர்வை ஒப்புரவுக்கு விட்டுவிடட்டும்.

செய்ய வேண்டியவை

தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருஅவை அடக்கச் சடங்கை மறுத்த 1917ஆம் ஆண்டுச் சட்டம் 1983இல் கைவிடப்பட்டது. கடுமையான மனக்கோளாறு பொறுப்பைக் குறைக்கிறது என்று மறைக்கல்வி (எண் 2282) போதிக்கிறது. கல்லறை வாசலைத் திருஅவை திறந்துவிட்டது. ஊர்வாயை நாம்தான் மூட வேண்டும். அதைவிட, அந்த இறப்பு நேருமுன் கதவைத் தட்ட வேண்டும்.

ஆதலால், அன்பிற்குரிய பொதுநிலையினரே, உங்களிடம் கேட்கிறேன். உங்கள் அன்பியத்தில் எந்த வீட்டிலாவது ஒருவர் கட்டப்பட்டிருந்தால், இன்றே சென்று பேசுங்கள். மனநல நிலையத்தில் எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருப்பதைச் சொல்லுங்கள். வீட்டுச் சங்கிலிக்கு மட்டும் விலக்கு உண்டு என்று எண்ண வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொல்லும் போதகர் எவராயினும், வெள்ளை அங்கி அணிந்தவராயினும், எழுந்து நின்று மறுத்துரையுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் அரிசி கொடுப்பதுபோல் மருத்துவமனைக்குச் செல்லும் பயணச் செலவையும் கொடுக்கட்டும். தனியே போக அஞ்சும் குடும்பத்தோடு ஒருவர் துணைக்குப் போகட்டும். நம் பள்ளி நிர்வாகங்கள் கட்டடத்திற்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை, வாரம் ஒரு நாளேனும் தகுதி பெற்ற உளவியலாளர் பள்ளிக்கு வரச் செலவிடட்டும். செபமாலையையும் கைவிடாதீர்கள். நோயாளியின் அருகில் அமர்ந்து, அவர் விரும்பினால் அவரோடு சேர்ந்து சொல்லுங்கள். அதைச் சங்கிலியாக மட்டும் ஆக்காதீர்கள்.